ஹோம்வொர்க் டவுட்டை யாரிடம் கேட்பது? டியூஷன் முதல் ஏ.ஐ. வரை டேட்டா சொல்வது என்ன?

இரவு ஒன்பது மணி. உங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. கணக்கு நோட்டின் ஒரு பக்கம். கீழே சித்தி பையனின் மெசேஜ்: "அக்கா, இந்த சம் வரலை. நாளைக்கு சப்மிட் பண்ணணும்." குடும்பத்தில் முதலில் இன்ஜினீயரிங் முடித்தவர் நீங்கள் என்றால், இந்த வேலை உங்களுக்குப் பழகியிருக்கும். ஆபீஸ் கால் முடிந்து, சாப்பிடுவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் விடையை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இப்படிக் கேட்க ஆள் இல்லாத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இரண்டு, நீங்கள் அனுப்பிய விடை அந்தப் பையனுக்கு உண்மையில் உதவியதா? இரண்டுக்கும் கையில் இருக்கும் டேட்டாவை வைத்துப் பதில் தேடலாம்.

சுருக்கமாக:

• இந்தியாவில் நான்கில் ஒரு மாணவருக்கு மேல் டியூஷன் அல்லது கோச்சிங் போகிறார்.
• வீட்டில் உதவி கிடைப்பது பெற்றோர் எவ்வளவு படித்தார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.
• பெரும்பாலான பிள்ளைகளின் சிக்கல் இன்றைய ஹோம்வொர்க்கில் இல்லை. இரண்டு மூன்று வகுப்புகளுக்கு முன்னால் விட்டுப்போன பாடத்தில் இருக்கிறது.
• விடையை நேராகத் தரும் ஏ.ஐ., பயிற்சியில் மதிப்பெண்ணை ஏற்றுகிறது, தேர்வில் இறக்குகிறது.

எத்தனை பேர் டியூஷன் போகிறார்கள்?

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாடு முழுவதும் 52,085 குடும்பங்களில் கல்விச் செலவு பற்றி ஒரு சர்வே எடுத்தது. அதன்படி 27 சதவீத மாணவர்கள் அந்தக் கல்வியாண்டில் தனியார் கோச்சிங் எடுத்திருக்கிறார்கள். நகரங்களில் 30.7 சதவீதம், கிராமங்களில் 25.5 சதவீதம். டியூஷன் என்றால் நகரத்து விஷயம் என்று நினைத்திருந்தால், இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 2017-18ல் நடந்த முந்தைய பெரிய கல்வி சர்வேயில் இந்த அளவு கிட்டத்தட்ட 20 சதவீதமாக இருந்தது. இரண்டும் எடுக்கப்பட்ட முறை வேறு என்பதால் அப்படியே கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் போகும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது.

வித்தியாசம் தெரிவது காசில்தான். கோச்சிங்குக்கான சராசரிச் செலவு நகரங்களில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3,988 ரூபாய், கிராமங்களில் 1,793 ரூபாய். மேல்நிலை வகுப்புக்கு வந்தால் நகரத்தில் 9,950, கிராமத்தில் 4,548. "அவ்வளவுதானா, எங்க ஏரியாவுல ஒரு மாசத்துக்கே இதைவிட ஜாஸ்தியாச்சே" என்று உங்களுக்குத் தோன்றலாம். டியூஷனே போகாத பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரி இது. போகிறவர்களின் வீட்டுச் செலவு இதைப்போல் சில மடங்கு இருக்கும்.

மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறுகிறது. கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய அசர் அறிக்கையின்படி, 1 முதல் 8ஆம் வகுப்பு வரை காசு கொடுத்து டியூஷன் போகிறவர்கள் 2018ல் 26.4 சதவீதம், 2022ல் 30.5 சதவீதம். பிகாரிலும் மேற்கு வங்கத்திலும் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. அங்கே டியூஷன் என்பது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் இரண்டாவது பள்ளிக்கூடம்.

வீட்டில் சொல்லிக்கொடுப்பது யார்?

2018ல் வார்க்கி அறக்கட்டளை 29 நாடுகளில் பெற்றோரிடம் ஒரு ஆன்லைன் சர்வே எடுத்தது. பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க்கில் உதவ வாரத்துக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு, இந்தியப் பெற்றோர் சொன்ன சராசரி 12 மணி நேரம். 29 நாடுகளிலேயே அதுதான் அதிகம். பின்லாந்தில் சுமார் 3 மணி நேரம்தான். 'பார்த்தீர்களா, நம்ம ஊர்ப் பெற்றோரின் அக்கறையை' என்று இந்த எண் அப்போது நிறையப் பகிரப்பட்டது.

ஆனால் ஆன்லைன் சர்வேக்குப் பதில் சொல்பவர்கள் யார்? இணையம், நேரம், ஓரளவு படிப்பு மூன்றும் இருப்பவர்கள். மற்ற வீடுகளைப் பார்க்க அசர் 2020க்குப் போக வேண்டும். கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது போன் மூலம் எடுத்த சர்வே அது. அதிகம் படித்த பெற்றோரின் பிள்ளைகளில் 89.4 சதவீதம் பேருக்கு வீட்டில் யாராவது படிப்பில் உதவினார்கள். குறைவாகப் படித்த பெற்றோரின் பிள்ளைகளில் இது 54.8 சதவீதம். எல்லாருக்கும் பள்ளி மூடியிருந்த அதே மாதங்களில், ஒரு பக்கம் பத்தில் ஒன்பது பேருக்கு உதவி, இன்னொரு பக்கம் பாதிப் பேருக்குத்தான்.

ஹோம்வொர்க் கொடுக்கும் ஆசிரியர் இதை மனதில் வைத்துக் கொடுப்பதில்லை. ஒரே கணக்கு, ஒரே கெடு. ஆனால் ஒரு வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறது, இன்னொரு வீட்டில் இல்லை. மீடியமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த, தாய்மொழியில் படித்த பெற்றோருக்கு, கணக்கு தெரிந்திருந்தாலும் கேள்வி புரியாமல் போகும்.

அதிகமாகச் சிக்குவது ஏன் கணிதமும் அறிவியலும்?

2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் 3, 6, 9ஆம் வகுப்புகளில் சுமார் 21 லட்சம் மாணவர்களிடம் பராக் தேசிய மதிப்பீடு நடத்தப்பட்டது. கணிதத்தில் தேசியச் சராசரி 3ஆம் வகுப்பில் 60 சதவீதம், 6ஆம் வகுப்பில் 46, 9ஆம் வகுப்பில் 37. அறிவியல் 9ஆம் வகுப்பில் 40. அதே 9ஆம் வகுப்பில் மொழிப்பாடம் 54. இவை மூன்றும் வெவ்வேறு பிள்ளைகள் எழுதிய வெவ்வேறு வினாத்தாள்கள். எனவே ஒரே பிள்ளை 60லிருந்து 37க்குச் சரிந்தது என்று படிக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வகுப்புக்கு எதிர்பார்க்கப்படும் பாடத்துக்கும் பிள்ளைக்குத் தெரிந்ததற்கும் உள்ள தூரம் அதிகமாகிக்கொண்டே போகிறது என்று மட்டும் சொல்லலாம்.

இந்தத் தூரம் எங்கே தொடங்குகிறது? அசர் 2024 படி, கிராமப்புறங்களில் 5ஆம் வகுப்பு மாணவர்களில் 30.7 சதவீதம் பேர்தான் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறார்கள். 8ஆம் வகுப்பில்கூட அது 45.8 சதவீதம்தான். வகுத்தல் வராத பிள்ளைக்குப் பின்னம் வராது. பின்னம் வராவிட்டால் விகிதம் வராது. விகிதம் வராவிட்டால் அடர்த்தி, வேகம், மோல் கணக்கு எதுவும் வராது. வரலாற்றில் முகலாயர் பாடத்தைத் தவறவிட்டாலும் விடுதலைப் போராட்டத்தைப் படித்துவிடலாம். கணக்கில் அந்த வசதி கிடையாது.

டெல்லியில் முரளிதரன், சிங், கணிமியன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் செய்து 2019ல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது. அவர்கள் பார்த்த 6ஆம் வகுப்புப் பிள்ளைகள், கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அதாவது கையில் 6ஆம் வகுப்பு ஹோம்வொர்க், தலையில் மூன்றரையாம் வகுப்புக் கணக்கு. மேல் வகுப்புகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது.

ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கும் ஒரு கணினி மென்பொருளும், சின்னக் குழுவாகச் சொல்லித்தரும் ஒரு ஆசிரியரும் சேர்ந்த பள்ளி முடிந்த பிறகான மையத்துக்கு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை அனுப்பினார்கள். நாலரை மாதத்தில் ஆய்வாளர்கள் வைத்த தேர்வில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆனால் பள்ளியின் சொந்தக் கணிதத் தேர்வில் அது தெளிவாகத் தெரியவில்லை. காரணம் எளிது. 3ஆம் வகுப்பிலிருந்து 4ஆம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளைக்கு, 6ஆம் வகுப்பு வினாத்தாள் அதைக் காட்டாது. 'டியூஷன் போட்டும் மார்க் ஏறலையே' என்று ஒரு வீட்டில் சொல்லும்போது, எதுவுமே நடக்கவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம்

10ஆம் வகுப்பு அறிவியலில் ஒளி பாடம். குழி ஆடியின் குவியத் தொலைவு 15 செ.மீ. பொருள் 10 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. பிம்பம் எங்கே, எப்படிப்பட்டது?

பாடப்புத்தகம் சொல்லும் குறியீட்டு மரபில் இரண்டும் கண்ணாடிக்கு முன்னால் இருப்பதால் மைனஸ்: மைனஸ் 15, மைனஸ் 10. சூத்திரத்தில் போட்டால் பிம்பத்தின் தூரம் பிளஸ் 30. கண்ணாடிக்குப் பின்னால், நிமிர்ந்த, மூன்று மடங்கு பெரிய மாய பிம்பம். உங்கள் தம்பி மைனஸ் போட மறந்து 15, 10 என்றே போட்டால் மைனஸ் 30 வரும். '30' சரியாக வந்துவிட்டது. ஆனால் பொருளே தலைகீழாகிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் மெய் பிம்பம் என்று எழுதுவான், மார்க் போகும்.

இப்போது நீங்கள் முழு விடையையும் எழுதி அனுப்பினால், அவன் பார்ப்பது 'ஓ, மைனஸ் போடணும்' என்பதை மட்டும்தான். அடுத்த கணக்கில் குவி ஆடி வந்தால், அங்கே குவியத் தொலைவு பிளஸ். அதற்கும் மைனஸ் போடுவான். அதற்குப் பதிலாக, 'பொருள் குவியத்துக்கு உள்ளே இருக்கா, வெளியே இருக்கா? முகச்சவரம் செய்யும் கண்ணாடியில பக்கத்துல போய்ப் பார்த்தா முகம் எப்படித் தெரியும்?' என்று கேட்டால்? பெரிதாக, நேராகத் தெரியும் என்பான். அப்படியென்றால் மைனஸ் 30 வர வாய்ப்பே இல்லை என்று சூத்திரம் இல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். முதல் உதவிக்கு ஐந்து நிமிடம். இரண்டாவதுக்குப் பதினைந்து நிமிடம். இந்தப் பத்து நிமிட வித்தியாசத்தில்தான் இந்தச் சந்தை முழுவதும் ஓடுகிறது.

டவுட் ஆப்கள் என்ன ஆயின?

இந்தப் பத்து நிமிடத்தை லட்சக்கணக்கானவர்களுக்கு மலிவாகக் கொடுக்க முடியுமா என்பதுதான் ஸ்டார்ட்அப்கள் கேட்ட கேள்வி. கேள்வியைப் போட்டோ எடுத்தால் தீர்வு வீடியோ காட்டும் டவுட்நட் அப்படி வந்ததுதான். சிறு நகரங்களில், இந்தியிலும் பிற மாநில மொழிகளிலும் படிக்கும் பிள்ளைகளிடம் வேகமாகப் பரவியது. 2020ல் பைஜூஸ் நிறுவனம் அதை சுமார் 15 கோடி டாலருக்கு வாங்கப் பேசியதாகச் செய்திகள் வந்தன. அது நடக்கவில்லை. 2023 இறுதியில் கோட்டாவின் ஆலன் நிறுவனம் சுமார் 1 கோடி டாலருக்கு அதை வாங்கியதாகச் செய்தி வெளியானது. 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட பைஜூஸே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

ஒவ்வொரு கம்பெனியின் வீழ்ச்சிக்கும் அதனதன் காரணம் உண்டு. ஆனால் ஒரு பொதுவான முடிச்சு இருக்கிறது. டவுட் கேட்கும் பிள்ளை நிறைய, அதற்குக் காசு கொடுக்கும் வீடு கொஞ்சம். காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் ஜே.இ.இ., நீட் கோச்சிங்குக்குக் கொடுத்தார்கள். 8ஆம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஏ.ஐ. வந்தபிறகு என்ன மாறியது?

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. விடை இலவசமாகிவிட்டது. படிப்படியாக, எந்த மொழியில் கேட்டாலும், இரவு பன்னிரண்டு மணிக்கும். கேட்க ஆள் இல்லாத வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'இதைக்கூடத் தெரியாதா' என்ற திட்டு இல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்பதும் பெரிய விஷயம்.

ஆனால் உதவுகிறதா? துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கிட்டத்தட்ட 1,000 மாணவர்களிடம் கணிதத்தில் நடந்த சோதனை, 2025ல் ஆய்விதழில் வெளியானது. மாணவர்கள் மூன்று பிரிவு. ஒன்று, புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டு, வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவி. மூன்று, விடையைச் சொல்லாமல் ஆசிரியர் தந்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்த கருவி. பயிற்சிக் கணக்குகளில் இரண்டாம் பிரிவு 48 சதவீதமும், மூன்றாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாக மதிப்பெண் எடுத்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். வழக்கமான ஏ.ஐ. பயன்படுத்தியவர்கள், அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் தந்த கருவியில் அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அதுவும் தேர்வில் முதல் பிரிவைத் தாண்டவில்லை.

ஏ.ஐ.க்கு முன்பே இந்தப் போக்கு தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்றில், ஹோம்வொர்க்கில் எடுத்ததைவிடத் தேர்வில் குறைவாக எடுத்தவர்கள் 2008ல் 14 சதவீதம், 2017ல் 55 சதவீதம். நடுவில் கூகுளும் ஸ்மார்ட்போனும் கைக்கு வந்துவிட்டன. விடையைத் தேடி எழுதினால் ஹோம்வொர்க் முடிந்துவிடும், பாடம் மனதில் நிற்காது. இரண்டு ஆய்வுகளும் வெளிநாட்டில் நடந்தவை, நம்ம ஊர் வகுப்பறைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

போன் யார் கையில்?

அசர் 2024 படி, கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளத்துக்கு 76 சதவீதம். பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருக்கும் பையன்கள் 36.2 சதவீதம், பெண் பிள்ளைகள் 26.9 சதவீதம். மற்ற பிள்ளைகளுக்கு, அப்பா வேலையிலிருந்து வந்து போன் கைக்கு வந்தால்தான் டவுட்.

அரசு என்ன சொல்கிறது?

ஹோம்வொர்க் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. 2020ன் பள்ளிப் பை கொள்கைப்படி 1, 2ஆம் வகுப்புக்கு ஹோம்வொர்க்கே கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம் வரைதான். இதற்கு முன்பே, 2018ல் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2ஆம் வகுப்புகளுக்கு ஹோம்வொர்க் கூடாது என்று உத்தரவிட்டது. ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தடுக்கிறது. 16 வயதுக்குக் கீழே யாரையும் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் கொடுத்தது.

கவனித்தீர்களா? எல்லாமே 'கூடாது'தான். டவுட் வந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகலாம் என்று சொல்லும் ஏற்பாடு குறைவு. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாடு, மாலையில் தன்னார்வலர்களை வைத்துத் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அந்த மாதிரியான ஒரு முயற்சி. ஆனால் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே ஒரு ஆசிரியரோடு நடக்கின்றன என்று 2024-25 அரசுத் தரவே சொல்கிறது. அங்கே எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்திவிட்டு, ஒவ்வொருவரின் டவுட்டையும் தீர்க்க அவருக்கு நேரம் எங்கே?

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை போட்டோ வந்தால்:

• கேள்வியின் போட்டோவைக் கேட்காதீர்கள். "நீ எதுவரைக்கும் போட்டுப் பார்த்த? அதை அனுப்பு" என்று கேளுங்கள். எந்த வரியில் சிக்கினான் என்று அதில் தெரிந்துவிடும்.
• அந்த வரிக்குப் பின்னால் எந்த வகுப்புப் பாடம் இருக்கிறது என்று பாருங்கள். பின்னத்தில் சிக்கினால், 10ஆம் வகுப்புக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வாரம் பின்னம் மட்டும் போடச் சொல்லுங்கள்.
• ஏ.ஐ. பயன்படுத்தினால், 'விடை சொல்லாதே, அடுத்த ஸ்டெப்புக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு, நான் போட்டதில் தப்பு எங்கே என்று காட்டு' என்று கேட்கப் பழக்குங்கள். இதற்கென்றே படிப்பு மோடுகள் வந்துவிட்டன. ஆனால் வழக்கமான மோடுக்கு மாற ஒரு தட்டு போதும் என்பதையும் மறக்க வேண்டாம்.
• முடித்ததும் எண்ணை மாற்றி இன்னொரு கணக்கு கொடுங்கள். போன் இல்லாமல், நோட்டில். அது வந்தால்தான் கணக்கு புரிந்தது என்று அர்த்தம்.
• சொல்லித்தர உங்களுக்கு நேரமே இல்லாத நாளில், விடை அனுப்புவதைவிட "நாளைக்கு மிஸ்கிட்ட இந்த இடம் புரியலைன்னு கேளு" என்று சொல்வது நல்லது. முடிக்காத ஹோம்வொர்க்கைப் பார்த்தால்தான் ஆசிரியருக்கு எது புரியவில்லை என்று தெரியும். நீங்கள் போட்டுக்கொடுத்த சரியான விடை அதை மறைத்துவிடும்.

ஏ.ஐ. வந்ததால் டியூஷன் ஒழியுமா என்ற விவாதம் இனி நிறைய நடக்கும். அதைவிட முக்கியமான கேள்வி, பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் அந்தப் பதினைந்து நிமிடம் யாருக்குக் கிடைக்கப்போகிறது என்பது. இன்றுவரை அது பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் பொறுத்தே இருக்கிறது. விடை எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கும் காலத்தில், இந்த வித்தியாசம் குறைவதற்குப் பதில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடலாம். எல்லா நோட்டிலும் ஹோம்வொர்க் சரியாக இருக்கும். தேர்வு முடிவு வரும்போதுதான் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று தெரியவரும்.